உடல், நெருக்கம், பக்தி: வன்னியில் மனித உடலை வரைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருந்து மனித உடலை வரையத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தை மனதில் வைத்து எழுதியது. அக்ரிலிக்குக்கு வேறு முறை தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

உடலை வரைவதென்றால் ஆடையில்லாமல்தான் வரைய வேண்டுமா?

இல்லை. தொடங்குபவர் அங்கே தொடங்காமல் விடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். கூச்சத்துக்காகச் சொல்லவில்லை. ஆடையில்லாத உடலை நேரே பார்த்து வரைய நல்ல வெளிச்சமுள்ள தனியறையும், பழகிய மொடலும், பல நாள் அமர்வுகளும் வேண்டும். அவை இல்லாதபோது இணையத்துப் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். வருவது வேறு நாட்டு ஸ்ரூடியோவில் நிற்கும் உடல். தோலும் வேறு, குந்தியிருக்கும் விதமும் வேறு.

இங்கே உடல் மறைந்தா கிடக்கிறது? சாறத்தை மடித்துக் கட்டி வெறும்மேலோடு வரம்பில் நிற்பவர், கோயில் வீதியில் பிரதட்டை செய்பவர், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் அம்மம்மா, விறாந்தையில் பேன் பார்க்கும் இரண்டு பெண்கள் எல்லோரும் கண்முன்னே இருக்கிறார்கள். முதுகெலும்பு எப்படி வளைகிறது, தோள்பட்டை எப்படி எழும்புகிறது என்பதைப் படிக்க இவர்கள் போதும்.

முத்தமோ அணைப்போ இல்லாமல் நெருக்கத்தை எப்படிக் காட்டுவது?

பாரத்தால் காட்டலாம். ஒருவர் தன் உடலின் பாரத்தை மற்றவரிடம் விட்டிருக்கிறாரா என்பதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

பேன் பார்க்கும் காட்சியையே எடுங்கள். கீழ்ப்படியில் இருப்பவளின் கழுத்துத் தளர்ந்திருக்கும். நாடி நெஞ்சை நோக்கி இறங்கும். பின்கழுத்தில் முள்ளெலும்பு ஒன்று புடைத்துத் தெரியும். மேற்படியில் இருப்பவளின் முழங்கால்கள் கீழிருப்பவளின் தோள்களை இரண்டு பக்கமும் தாங்கியிருக்கும். இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மயிரை வகிர, வகிட்டில் தலைத்தோல் முகத்தை விட வெளிறிய கோடாகத் தெரியும். வலக்கை நகங்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் இருவருக்கும் இடையில் காற்றுப் புகவும் இடமில்லை. இதைச் சரியாக வரைந்தால் படத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தோலோடு தோல் தொடும் இடம் ஏன் எப்போதும் ஒட்டவைத்ததுபோல் வருகிறது?

இரண்டு உடல்களையும் தனித்தனியே வரைந்து பிறகு பக்கத்தில் வைப்பதால். முதல் கோட்டிலேயே இருவரையும் ஒரே நிழலுருவமாக வளைத்து வரையுங்கள். உள்கோடுகளைப் பிறகு போடலாம். இருவருக்கும் நடுவே விடுபட்டிருக்கும் வெளிகளை, உதாரணமாக முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தை, ஒரு பொருளாக நினைத்து அளந்து வரையுங்கள்.

இரண்டாவது பிழை, தொடும் கோட்டைக் கறுப்பால் இழுப்பது. இரண்டு தோல்கள் நெருங்கும்போது வெளிச்சம் அவற்றுக்கிடையே பட்டுத் திரும்புவதால் அங்கே சூடான செம்பழுப்பு ஏறும். அலிசரினும் (ஆழ்ந்த சிவப்பு) பேர்ண்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) சம அளவில் கலந்து, வெள்ளை சேர்க்காமல், மெல்லிதாக இடுங்கள். கடும் இருட்டு அதன் நடுவில் ஒரு மயிரிழை மட்டுமே.

மூன்றாவது, அழுத்தம் இல்லாமை. தோளில் அழுத்தி வைத்த கையென்றால் விரல்களுக்கிடையே தசை சற்று மேலெழும்பும்; அழுத்தும் விரலின் நகத்துக்கடியில் இரத்தம் விலகி வெளிறும். கறுத்த தோலில் மற்ற இடங்களில் எளிதில் தெரியாத இந்த வெளிறல் நகத்தில் தெளிவாகத் தெரியும். அந்த ஒரு புள்ளியை வரைந்தாலே கை பாரம் பெற்றுவிடும்.

ஒளிவட்டமும் திருவாசியும் போடாமல் தெய்வீகம் வருமா?

வரும். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை நினையுங்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெய் இல்லாததால் கடல்நீரை விட்டு விளக்கேற்றச் சொல்கிறாள். தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். சிறுவர்கள் மயிரை வகிர்ந்து பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்கள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிப்பது இந்தக் கதையைத் தொட்டுத்தான்.

தெய்வம் வெளிப்படும் இடம் இந்தக் கதையில் கருவறை இல்லை. ஒரு கிழவியின் தலைத்தோல். அதைத் தொட்டுப் பார்த்தது சிறுவர்களின் விரல். நெருக்கமும் உடலும் தெய்வமும் ஒரே செயலில் வந்துவிடுகின்றன. இதை வரைய விரும்புபவர்கள் ஆயிரம் கண்களையும் வரையப் புகுந்து சித்திரக்கதை ஆக்கிவிடுகிறார்கள். கண்களைக் காட்டாமல், பார்க்கும் சிறுவனின் கை நடுவழியில் நின்றுபோனதை மட்டும் வரைந்து பாருங்கள்.

அமைப்பில் உதவுபவை சில உண்டு. உருவத்தை நேர்முகமாக, படத்தின் நடுவச்சில் வைப்பது. பின்னணியைப் பொருள் எதுவுமில்லாத ஒரே நிறப் பரப்பாக விடுவது. உருவத்தை விளிம்பு வரை பெரிதாக்குவது. மூன்றையும் ஒன்றாகச் செய்தால் விளம்பரத்தட்டி போலாகிவிடும். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

யாருடைய படங்களைப் பார்த்துப் படிக்கலாம்?

முதலில் இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் 1937இல் வரைந்த ‘மணப்பெண்ணின் ஒப்பனை’, ‘பிரமச்சாரிகள்’ இரண்டும். முதலாவதில் பெண்களுக்கிடையேயான தொடுகை இருக்கிறது. இரண்டாவதில் வெறும்மேலோடு இருக்கும் இளைஞர்களில் ஒவ்வொருவர் மேனியும் ஒவ்வொரு பழுப்பு. வெள்ளை வேட்டிகள் அந்தப் பழுப்புகளைப் பிரித்துக் காட்டுகின்றன. கறுத்த தோலை வரையப் படிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் (1901–1993) கொழும்பில் 1943இல் உருவான நவீன ஓவியர்களின் ‘43 குழு’வைச் சேர்ந்தவர். பொரளை கோதமி விகாரையில் புத்தர் வரலாற்றைச் சுவரோவியமாக்கியவரும், கண்ணன்–இராதை காதலைத் திரும்பத் திரும்ப வரைந்தவரும் அவரே. இரண்டு முகங்களுக்கு ஒரே கோட்டைப் பகிர்ந்து கொடுக்கும் அவரின் வித்தையைப் பென்சிலால் பிரதி செய்து பாருங்கள்.

சிகிரியா ஓவியங்களில் பெண்களின் இடுப்புக்குக் கீழே முகில் மறைக்கிறது. உடலை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு ஐந்தாம் நூற்றாண்டுப் பதில் அது. மூட்டில் வெட்டினால் உறுப்பை அறுத்ததுபோல் இருக்கும். மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ வெட்டுங்கள்.

பொலன்னறுவையில் கிடைத்த சோழர்கால வெண்கலங்களில் காரைக்கால் அம்மையாரும் உண்டு. எலும்பு துருத்திய மேனி, வற்றிய மார்பு, கையில் தாளம். அழகான உடல்தான் ஆன்மிகத்துக்கு ஏற்றது என்று நினைப்பவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

தோல் நிறத்தை எப்படிக் கலப்பது? என்ன செய்தாலும் சாம்பல் பூத்துவிடுகிறது.

வெள்ளை கூடிப்போனதுதான் காரணம். டைட்டானியம் வெள்ளை மிக வலியது. பழுப்பில் விழுந்தால் உடனே சுண்ணாம்பு பூசியதுபோலாகும். வெளிச்சப் பகுதியை முதலில் யெல்லோ ஓக்கரால் (மண்மஞ்சள்) உயர்த்துங்கள். போதாவிட்டால் மட்டும் வெள்ளை, அதுவும் ஊசிமுனையளவு. ‘ஃபிளெஷ் ரின்ற்’ என்று எழுதிய ரியூப்பை வாங்க வேண்டாம். அது வெள்ளைக்காரரின் இளஞ்சிவப்பு.

எங்கள் பக்கத்து நடுப்பழுப்புத் தோலுக்குத் தொடக்க அளவு: பேர்ண்ட் சியன்னா 4 பங்கு, யெல்லோ ஓக்கர் 2, அல்ட்ராமரீன் (நீலம்) 1. நிழலுக்குப் பேர்ண்ட் சியன்னா 3, அல்ட்ராமரீன் 2, அலிசரின் அரைப் பங்கு. கறுப்பு ரியூப்பைத் திறக்கத் தேவையில்லை. சியன்னாவும் அல்ட்ராமரீனும் கூடினாலே கறுப்புக்குக் கிட்டப் போகும், அந்தக் கறுப்பில் உயிரும் இருக்கும். இது தொடங்குவதற்கான அளவுதான். மொடலின் முன்கையின் வெளிப்புறத்தோடு ஒட்டிப் பார்த்துத் திருத்துங்கள், உட்புறம் எப்போதும் ஒரு படி வெளிறி இருக்கும்.

கறுத்த தோலில் மினுக்கம் சிறிதாக, கூர்மையாக, குளிர்ச்சியாக வரும். வியர்த்த நெற்றியில் தெரிவது தோலின் நிறமல்ல, வானத்தின் பிரதிபலிப்பு. அதற்கு அல்ட்ராமரீனும் வெள்ளையும், அவற்றை மந்தமாக்கத் துளி சியன்னாவும். முழங்கை, முழங்கால், விரல்மொளி கறுத்திருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இளஞ்சிவப்பு. வெயிலில் செம்மண் நிலத்தில் நிற்பவரை வரைந்தால் நாடிக்கடியிலும் கைக்கடியிலும் தரையின் சிவப்பு ஏறியிருக்கும். அதை விட்டுவிட்டால் உருவம் நிலத்தில் நிற்காது.

திருநீறு, சந்தனம்?

திருநீற்றைத் தனி வெள்ளையால் போடாதீர்கள், சுண்ணாம்பாகத் தெரியும். வெள்ளையில் கொஞ்சம் ரோ அம்பரும் (மந்தமான மண்பழுப்பு) மிகச் சிறிது அல்ட்ராமரீனும் சேருங்கள். ஈரத்தில் பூசிய நீறு முதலில் கண்ணுக்குத் தெரியாது. காயக் காய ஓரத்திலிருந்து வெளுத்து வரும். மூன்று விரலால் இழுத்த குறி தொடங்குமிடத்தில் தடித்து, விரல் எழும்புமிடத்தில் மெலியும். வியர்வை ஓடிய வழியில் தோல் திரும்பவும் தெரியும். இதற்கு உலர்ந்த தட்டைத் தூரிகையில் மிகக் குறைந்த வண்ணம் எடுத்து, மேலால் உரசிப் போக வேண்டும். கீழ்ப்படை எண்ணெய் வண்ணமென்றால் ஒரு கிழமையாவது காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீறும் பழுப்பும் கலந்து சேறாகும்.

உண்மையான திருநீற்றையே வண்ணத்தில் கலக்கலாமா என்று கேட்பவர்கள் பலர். எண்ணெய் வண்ணத்தில் வேண்டாம். சாம்பலில் காரம் உண்டு. அது எண்ணெயை மெல்ல மெல்லச் சவர்க்காரமாக்கிப் படலத்தைக் கெடுக்கும். அக்ரிலிக் படமென்றால் அக்ரிலிக் ஜெல்லில் குழைத்துப் பூசலாம். மஞ்சள் தூள் எதிலும் வேண்டாம், வெயில் பட்டால் சில கிழமைகளிலேயே வெளிறிவிடும். கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம். மேல்படைக்கு ஊறி வரும்.

காவடி எடுப்பவரை வரையும்போது கவனிக்க வேண்டியது?

இரத்தம் வரையாதீர்கள். செடில் (முதுகுத் தோலில் குத்தும் கொக்கி) குத்திய இடத்தில் பெரும்பாலும் ஒரு பொட்டுக்கு மேல் இரத்தம் தெரிவதில்லை. சிவப்பை வழியவிட்டால் அது பக்தியை விட்டு வதைக்குப் போய்விடும். பார்க்க வேண்டியது தோல் கூடாரம்போல் மேலெழும் விதம். கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கூராகி, அடியில் மடிப்புகள் கதிர்போல் விரியும். எல்லாச் செடிலும் ஒரே திசையில் இழுபடும், அதற்கு எதிராக உடல் முன்னே சாயும். தூக்குக்காவடியில் இழுப்பு மேல்நோக்கி. அங்கே கால்களும் தலையும் தொங்கும் பாரம்தான் படத்தின் அச்சு.

முகத்தில் வலியை எழுதத் தேவையில்லை. உரு வந்தவரின் பார்வை எதிலும் குவிந்திருக்காது. இமை பாதி இறங்கி, கன்னத் தசை தளர்ந்திருக்கும். அலகு குத்தியிருந்தால் வாய் மூடமுடியாமல் கீழுதடு சற்றுப் பிதுங்கும்.

மடு மாதா திருத்தலத்தில் முழந்தாளிட்டுக் கைகளை விரித்துச் செபிப்பவரை வரைவதற்கும் இதே விதிதான். விரித்த கை நேரம் போகப் போகத் தாழும். தோளிலும் மேற்கையிலும் தெரியும் அந்தக் களைப்பு கண்ணீரை விட அதிகம் சொல்லும்.

சிற்ப நூலின் தாளக் கணக்கைப் பின்பற்றினால் உருவம் ஏன் கோணலாகிறது?

இரண்டு அளவுகளைக் குழப்புவதால். சிற்ப நூலின் தாளம், நெற்றி மயிர்க்கரையிலிருந்து நாடி வரையுள்ள முக நீளம். ஓவியப் பாடப்புத்தகத்தின் ‘தலை’, உச்சியிலிருந்து நாடி வரை. சாதாரண மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். முகக் கணக்கில் அதுவே ஒன்பதுக்குக் கிட்ட. ஒன்பது என்று படித்துவிட்டு ஒன்பது தலை வரைந்தால் உருவம் பனைபோல் வளர்ந்துவிடும். தெய்வ உருவங்களுக்கான உத்தம தசதாளம் 124 அங்குலக் கணக்கு (இது சிற்ப நூலின் அங்குலம், அளவுகோலின் அங்குலமல்ல). மனித உடலுக்குத் தெய்வச் சாயல் வேண்டுமென்றால் கால்களை மட்டும் சற்று நீட்டுங்கள், தலையைக் குறைக்க வேண்டாம்.

மொடலாக இருப்பவரோடு என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் மட்டுமே. வாய்ப்பேச்சு போதாது, ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நிலை, எந்த ஆடை, எத்தனை அமர்வு, என்ன காசு, போட்டோ எடுக்கலாமா, எடுத்தால் யாரிடம் இருக்கும், முகம் அடையாளம் தெரியலாமா, எங்கே காட்சிக்கு வைப்பது, பேஸ்புக்கில் போடலாமா. படம் விற்கும்வரை அவர் மனம் மாறினால் விலகலாம் என்பதையும் எழுதுங்கள். சின்ன ஊர். முகத்தை மறைத்தாலும் கால்விரலையும் மச்சத்தையும் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், இதை முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

20 நிமிடம் இருப்பு, 5 நிமிடம் ஓய்வு. எழும்பும் முன் பாதம், கை, இருந்த இடம் எல்லாவற்றையும் சோக்கட்டியால் குறித்தால் திரும்ப அதே நிலைக்கு வரலாம். மொடல் விரும்பும் மூன்றாம் ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். தகரக் கூரையின் கீழ் பதினொரு மணிக்குப் பிறகு யாரையும் இருத்தாதீர்கள்.

காயப்பட்ட உடலை வரையலாமா?

அவர் விரும்பினால். வன்னியில் இந்தக் கேள்வியைத் தாண்டி உடலை வரைய முடியாது. 2009 வரையான போர் எத்தனையோ பேரின் உடலில் இருக்கிறது. ஆனால் தழும்பைத் தேடிப் போகிற ஓவியர் ஆளைத் தவறவிடுவார். ‘பொய்க்காலோடா, கழற்றி வைத்தா?’ என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அவரைக் கேளுங்கள். எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் சொல்வார்.

வரையும் முறை: தழும்பில் மயிரும் துவாரமும் இல்லாததால் சுற்றியுள்ள தோலைவிட வழுவழுப்பாக ஒளிரும். மேலெழுந்த தழும்பில் மினுக்கம் ஒரு ஓரத்தில் கோடாக ஓடும். நிறம் சிலருக்குக் கறுத்து, சிலருக்கு வெளிறி இருக்கும், ஊகித்துப் போடாதீர்கள். தழும்பைத் தோல் வண்ணம் காய்ந்தபின் மேலால் ஒட்டவேண்டாம். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அதற்குள் சேர்த்து வரைந்தால்தான் உடலின் பகுதியாக இருக்கும். பொய்க்காலின் றப்பர் பாதம் ஒரே பழுப்பு. உயிருள்ள பாதத்தில் பல நிறம். பக்கத்தில் பக்கமாக வரும்போது இந்த வேறுபாடே பேசும்.

வடக்கு யன்னல் வெளிச்சம்தான் நல்லது என்கிறார்களே?

ஐரோப்பாவில். நாங்கள் இருப்பது ஏறக்குறைய 9 பாகை வடக்கில். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் தலைக்கு மேலே வந்து, பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலால் நேர்வெயில் விழும். அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள், அல்லது வடக்கு யன்னலில் வெள்ளைச் சீலை கட்டுங்கள். நீலத் தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள் தோல் நிறம் கலக்கவே வேண்டாம். உள்ளே பழுப்பாகத் தெரிவது வெளியே கொண்டுவந்தால் செங்கல்லாக இருக்கும்.

போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரையலாமா?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மீற்றரில் நின்று எடுத்தால் முன்னுக்கிருக்கும் கையும் மூக்கும் பெருத்துவிடும். மூன்று மீற்றர் தள்ளி நின்று இருமடங்கு சூம் செய்யுங்கள். போன் கமரா கறுத்த தோலின் நிழலைத் தானாகவே வெளுப்பாக்கும். எச்.டி.ஆரை நிறுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

கன்வஸை வீட்டில் எப்படித் தயாரிப்பது?

3க்கு 4 அடிப் படத்துக்கு மரக்காலையில் நன்கு உலர்ந்த தேக்குச் சிலாகை, 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். உள்விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூரிகை அழுத்தும்போது சட்டத்தின் கோடு படத்தில் பதியும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி ஊசி ஒரு மாரிக்குள் துருப்பிடித்துச் சீலையை அரித்துவிடும், நாகம் (துத்தநாகம்) பூசியது அல்லது துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள்.

அக்ரிலிக் ஜெசோ (கன்வஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பூச்சு. முதலாவதில் 4 பங்கு ஜெசோவுக்கு 1 பங்கு தண்ணீர். ஒன்று காய்ந்ததும் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, அடுத்ததைக் குறுக்காகப் பூசுங்கள். எண்ணெய் வண்ணம் தொடங்க மூன்று நாள் பொறுங்கள். சுவருக்குப் பூசும் எமல்ஷன் மலிவுதான். ஆனால் அது எண்ணெயைக் குடித்துவிடும். படம் திட்டுத்திட்டாக மங்கி, சில வருடத்தில் பொருக்கு வெடிக்கும்.

எண்ணெயா அக்ரிலிக்கா? தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஆகாதா?

தேங்காயெண்ணெய் காயவே காயாது. இலுப்பெண்ணெயும் அப்படித்தான். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதால்தான் வண்ணத்துக்கு ஆகிறது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப்பிசுக்கை விட்டுச் செல்லும். தூரிகை கழுவலாம், வண்ணத்தில் கலக்கக் கூடாது. கீழ்ப்படைக்கு டர்பன்டைன் கூட்டி, மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். மாறிச் செய்தால் மேல்படை முதலில் இறுகி, கீழ்ப்படை அசைய, வெடிப்பு விழும்.

தோலின் மெல்லிய மாற்றங்களுக்கு எண்ணெய் வண்ணமே வசதி. அக்ரிலிக் பங்குனி வெயிலில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. தட்டில் நனைத்த ஸ்பொஞ்சும் அதன்மேல் எண்ணெய்த்தாளும் விரித்துக் கலந்தால் வண்ணம் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். கிணற்றுத்தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு, காய்ந்ததும் கறுத்த பகுதிகளில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

எங்கள் செம்மண்ணிலிருந்தே வண்ணம் செய்யலாமா?

செய்யலாம், மங்காது, அதன் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. வாளியில் மண்ணைக் கரைத்துக் கலக்கி அரை நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்க, கலங்கல் நீரை வேறு வாளிக்கு ஊற்றுங்கள். இரவு முழுக்க அடையவிட்டுத் தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு தரம் இப்படியே. உப்பும் வேர்த்தூசும் போய்விடும். வெயிலில் காயவைத்து, இடித்து, மெல்லிய சீலையில் அரித்து, கண்ணாடித் தட்டில் ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக விட்டு அரையுங்கள். 10 கரண்டித் தூளுக்கு 3 கரண்டியில் தொடங்கலாம். தடித்த களியாக நிற்க வேண்டும், ஓடினால் எண்ணெய் அதிகம். மஞ்சள் மண் கிடைத்தால் இரும்புச் சட்டியில் நன்றாக வறுங்கள், சிவப்பாக மாறும்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளிலும், துப்புரவு முடியாத காட்டோரங்களிலும் மண் எடுக்கப் போகாதீர்கள். வீட்டு வளவு மண் போதும்.

காட்சிக்கு வைத்தால் பிரச்சினை வருமா?

வரலாம். 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச்சட்டம் இன்னும் இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் உண்டு. ஆனால் இங்கே முதலில் வருவது சட்டமல்ல, ஊரார். மண்டபக்காரருக்கு எல்லாப் படங்களின் போட்டோவையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். திறப்பு நாளில் தெரியவந்தால்தான் சிக்கல். உயிரோடிருக்கும் மொடலைப் பார்த்து வரைந்த உருவத்துக்குத் தெய்வத்தின் பெயரைத் தலைப்பாக வைக்காதீர்கள். இருவருக்குமே அது பாரம்.

மாரியில் படத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது.

ஐப்பசியிலிருந்து தை வரை படத்தைச் சுவரில் ஒட்ட மாட்டாதீர்கள். பின்னால் இரண்டு அங்குலம் காற்றோட வழி வேண்டும். கீழ்விளிம்பில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் ஆகும். பொலித்தீனால் சுற்றி மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். பூஞ்சணம் பிடித்தால் வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள், ஈரச்சீலை வேண்டாம். கறையானுக்குப் பயந்து சீமெந்துத் தரையிலும் செங்கல் வைத்தே படத்தை நிறுத்துங்கள்.

வானிஷ் மாரியில் பூசினால் நீலப்புகைபோல் மங்கல் விழும். எண்ணெய்ப் படம் முடிந்து ஆறு மாதமாவது போக வேண்டும். சோளகக் காற்றுக் காலத்திலும் பூசாதீர்கள், புழுதி ஒட்டும். மாசி, பங்குனி காலையே தோதான நேரம்.

எண்ணெய் துடைத்த சீலைகளை எங்கே போடுவது?

குவித்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வரும். கசக்கிப் போட்ட சீலைக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். கிடுகுக் கொட்டிலில் இதைச் சொல்லவே தேவையில்லை. தண்ணீர் நிரப்பிய மூடித் தகரத்தில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.

பெரிய படத்தை பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோவது எப்படி?

சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே இருந்தால் படலம் நசுங்கி மடிப்பு விழும்; வெளியே இருந்தால் சற்று இழுபடும், விரித்ததும் சரியாகும். மேலே எண்ணெய்த்தாள், ஆறு அங்குல பீ.வீ.சி. குழாயின் மேல் தளர்வாகச் சுற்று, அதற்கு வெளியே பழைய போர்வை. தோலில் வண்ணத்தைத் தடிப்பாக அப்பியிருந்தாலோ படம் வரைந்து ஆறு மாதம் ஆகாவிட்டாலோ சுருட்டக் கூடாது, பலகைப் பெட்டிதான். பஸ்ஸின் மேல்தட்டில் கட்டவிடாதீர்கள். ஏ9 வீதி வெயிலில் அந்தத் தகரம் கொதிக்கும், வண்ணம் இளகிக் கடதாசி ஒட்டிக்கொள்ளும். இன்னொரு இருக்கைக்கும் காசு கொடுத்து யன்னலோரம் நிறுத்தி வையுங்கள்.